வீட்டுக்குள் இருக்கும் கோயிலுக்கு யார் பொறுப்பு?

அளவெட்டியிலிருந்து பண்டத்தரிப்பைத் தாண்டிப் போனால் சில்லாலை. சைக்கிளில் போய் வரக்கூடிய தூரம். 1687 இல் கோவாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த யோசப் வாஸ் அடிகள் மறைந்திருந்து பணி செய்தது இந்தக் கிராமத்தில்தான். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை விரட்டிவிட்டார்கள். குருவானவருக்கு வீட்டில் இடம் கொடுப்பதே குற்றம் என்றிருந்த காலம் அது. வாஸ் அடிகள் பிச்சைக்காரர் கோலத்தில், கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். அந்த மாலையைக் கண்டதும் மாறுகிற முகங்களை வைத்தே தம்மவர்கள் யார் என்று அறிந்துகொண்டார்.

அவர் வந்தபோது ஏறத்தாழ முப்பது வருடங்கள் கழிந்திருந்தன. ஒல்லாந்தர் வந்த வருடத்தில் பிறந்த பெண் குழந்தை, அதற்குள் பிள்ளைகளைப் பெற்ற தாயாகியிருக்கும். அவளுக்குப் பங்குக் கோயில் இல்லை, மறைக்கல்வி வகுப்பு இல்லை, பிரசங்கம் இல்லை. இருந்தும், செபமாலையைக் கண்டவுடன் அது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. யார் சொல்லிக்கொடுத்தது? அம்மா சொல்லியிருப்பார். அம்மம்மா சொல்லியிருப்பார். இரவில் கதவைச் சாத்திவிட்டு, அயலுக்குக் கேட்காத குரலில் சொல்லியிருப்பார்கள். வாஸ் அடிகளை 1995 இல் அருளாளராகவும் 2015 சனவரி 14 இல் புனிதராகவும் திருச்சபை உயர்த்தியது. காலிமுகத்திடலில் இலட்சக்கணக்கானோர் கூடினார்கள். அவர் வரும்வரை விசுவாசத்தை அணையவிடாமல் காத்த வீட்டுப் பெண்களின் பெயர்கள் எந்தப் பதிவிலும் இல்லை. நம் மண்ணின் கிறிஸ்தவ வரலாற்றில் அவர்களுக்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

மடு மாதாவின் வரலாற்றையும் இதே கண்ணோடு பார்க்கலாம். ஒல்லாந்தருக்கு அஞ்சி மாந்தையிலிருந்து தப்பியோடிய குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனதாகத்தான் நம் முன்னோர் சொல்லி வந்திருக்கிறார்கள். சுரூபத்தைத் தூக்கியது குடும்பங்கள். பிறகு 1705 இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். குருமார் எண்ணிச் சிலரே இருந்த நாட்டில், குரு இல்லாத இடத்திலும் மக்கள் கூடி வாசிக்க ஏதாவது வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் இராகத்தோடு படிக்கும் முதியவர்கள் வடபுலத்துக் கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் குரல் எழும்பும்போது, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு முற்றத்து ஓரமாக வந்து உட்காருவார்கள்.

இது கத்தோலிக்கருக்கு மட்டும் உரிய கதை அன்று. 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையில் பணியைத் தொடங்கினார்கள். டானியல் பூவர் அங்கே பள்ளிக்கூடம் நடத்தினார். 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி எழுந்தது. படித்த இளைஞர்கள் வெளியே வந்தார்கள். ஆனால் வீட்டில் விசுவாசம் வேர்பிடிக்க இளைஞன் ஒருவன் மட்டும் படித்தால் போதாது என்பதை மிஷன் சீக்கிரமே கண்டுகொண்டது. 1824 இல் உடுவிலில் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பள்ளிக்கு 1840 இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பது வருடம் அங்கேயே படிப்பித்தார். மூன்று தலைமுறைப் பெண்கள் அவரிடம் படித்தார்கள். ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். படிப்பு முடித்துப் போன பிள்ளைகளின் வீடுகளைத் தேடிப் போவதையும் அவர் தம் வேலையாகவே வைத்திருந்தார். வகுப்பறையில் சொன்னது அடுப்படியில் என்ன ஆயிற்று என்று பார்க்கத்தான் அந்த நடை. இன்றைய மறைக்கல்வி ஆசிரியர்களும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களும் இந்த ஒரு பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டாலே பெரிய காரியம்.

இன்று நம்மிடம் எல்லாம் இருக்கிறது. கோயில் இருக்கிறது, குருமார் இருக்கிறார்கள், ஒலிபெருக்கி இருக்கிறது, போனைத் திறந்தால் உலகத்திலுள்ள பிரசங்கமெல்லாம் கொட்டுகிறது. வீடுகள்தாம் அமைதியாகிவிட்டன. மாலை ஏழு மணிக்கு அளவெட்டியில் ஒரு கிறிஸ்தவ வீட்டை நினைத்துப் பாருங்கள். மகன் ரியூசன் முடிந்து இன்னும் வரவில்லை. மகள் அறைக்குள் போனோடு இருக்கிறாள். தகப்பன் வேலையால் வந்து குளித்துவிட்டு வாசல் கதிரையில் சாய்ந்திருக்கிறார். தாய் அடுப்படியில் புட்டு அவிக்கிறார். அம்மம்மா மட்டும் சுவாமிப் படத்துக்கு முன்னால் மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு, "பிள்ளையள், செபத்துக்கு வாங்கோ" என்று கூப்பிடுகிறார். "நீங்க தொடங்குங்கோ அம்மம்மா, நாங்க இருந்த இடத்திலயே சொல்லுறம்" என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது. அம்மம்மா தொடங்குகிறார். அவரே மறுமொழியும் சொல்கிறார். அவரே முடிக்கிறார்.

இந்த வீட்டில் கெட்டவர் ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் களைப்பு. ஒவ்வொருவருக்கும் நியாயமான காரணம் ஒன்று உண்டு. அதனால்தான் இது யார்மீதும் குற்றம் சுமத்தித் தீர்க்கக்கூடிய விடயமாக இல்லை. அம்மம்மா போனபிறகு அந்த மெழுகுதிரியை யார் கொளுத்துவது என்ற கேள்விக்கு வீட்டார், பங்கு, சபை, பள்ளிக்கூடம், அயல், வெளிநாட்டில் இருக்கும் உறவு எல்லோரும் சேர்ந்துதான் பதில் தேட வேண்டும்.

போர்க்காலத்து வீடுகளை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் சொல்வார்கள். மின்சாரம் இல்லாத, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடான தொண்ணூறுகளில், ஜாம் போத்தலுக்குள் திரியைக் கட்டி எரித்த ஒரு விளக்கைச் சுற்றித்தான் முழு வீடும் இருந்தது. அதே வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள், செபம் நடந்தது, சாப்பாடும் முடிந்தது. குண்டு விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் செபமாலை தொடரும். 1995 யூலை 9 அன்று, இராணுவ நடவடிக்கைக்கு அஞ்சி இடம்பெயர்ந்து நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் பக்கத்திலும் தங்கியிருந்தவர்கள்மீது குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சைவர்களும் கிறிஸ்தவர்களும் ஒரே வளவில் மாண்டுபோனார்கள். அந்த வருடம் ஒக்டோபர் 30 இல் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தது. சில குடும்பங்கள் வீட்டுப் பத்திரத்தோடு குடும்ப வேதாகமத்தையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போயின. அந்தக் காலம் ஒருநாளும் திரும்ப வரக்கூடாது. ஆனால் ஒரு விளக்கைச் சுற்றி எல்லோரும் இருந்ததால் பிள்ளைகளின் மனத்தில் என்ன பதிந்தது என்பதை நாம் மறக்கவும் கூடாது. அன்று வறுமை நம்மை ஒரே இடத்தில் இருத்தியது. இன்று நாமாக விரும்பி இருந்தால்தான் உண்டு.

செபம் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையை ஒழுங்காகச் சொல்லி முடித்துவிட்டு, கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் படுக்கப் போகிற வீடுகள் இருக்கின்றன. பிள்ளைகள் இதைக் கவனிக்கிறார்கள். சிறுபிள்ளைக்கு வேதபாடம் விளங்காமல் இருக்கலாம். அம்மாவின் குரல் மாறினால் உடனே விளங்கும். பானையில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்து, தனக்கு இல்லாமல் மற்றவர்களுக்குப் போடும் அம்மாவை அது தினமும் பார்க்கிறது. அந்த அம்மாவிடம் "நீ சாப்பிட்டாச்சோ" என்று அப்பா கேட்கிறாரா என்பதையும் பார்க்கிறது. அன்பு என்று நாம் பிரசங்கத்தில் சொல்வதன் முதல் பாடம் அந்தக் குசினியில் நடந்து முடிந்துவிடுகிறது.

பாப்பரசர் பிரான்சிஸ் குடும்பங்களிடம் அடிக்கடி மூன்று சொற்களைப் பற்றிப் பேசினார்: தயவுசெய்து, நன்றி, மன்னித்துக்கொள். 2016 இல் அவர் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்ற மடலின் நடுப்பகுதியில், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தைச் சொல் சொல்லாக எடுத்து, கணவன் மனைவி வாழ்க்கையோடு வைத்துப் பார்க்கிறார். பொறுமை என்றால் வீட்டில் என்ன, பொறாமை இல்லாமை என்றால் வீட்டில் என்ன என்று கேட்டுக்கொண்டே போகிறார். நம் வீடுகளில் முதல் இரண்டு சொற்களும் எப்படியோ வந்துவிடும். மூன்றாவதுதான் வருவதில்லை. பிள்ளை தகப்பனிடம் மன்னிப்புக் கேட்கும், கேட்க வைப்போம். தகப்பன் பிள்ளையிடம், "அப்பா கோவத்தில கையை ஓங்கிப்போட்டன், மன்னிச்சுக்கொள் ராசா" என்று சொல்லி எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அப்படி ஒருமுறையாவது கேட்ட பிள்ளைக்குத்தான், கர்த்தர் கற்பித்த செபத்தில் மன்னிப்பைப் பற்றி வரும் வரி வெறும் ஒலியாகப் போகாது. கடவுளைத் தந்தை என்று கூப்பிடச் சொல்கிறோம். தந்தை என்ற சொல் அந்தப் பிள்ளையின் மனத்தில் என்ன உருவத்தைக் கொண்டுவரும் என்பது தகப்பனின் கையில்தான் இருக்கிறது.

அளவெட்டிக்காரருக்கு இதைப் புரியவைப்பது கடினமன்று. நாதஸ்வரமும் தவிலும் பிறந்து வளர்ந்த ஊர் இது. அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்த ஊர். தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் தகப்பன் விசுவலிங்கமும் தவில் வித்துவான்தான். இந்தக் கலை எப்படிக் கைமாறியது? தகப்பன் வாசிக்கையில் பிள்ளை பக்கத்தில் இருந்தது. சாதகம் வீட்டில் நடந்தது. கோயில் திருவிழாவில் அதை ஊர் கேட்டது. சாதகத்தைத் திருவிழாவில் தொடங்கலாம் என்று நினைத்த வித்துவான் ஒருவரும் இல்லை. விசுவாசத்தை மட்டும் நாம் ஞாயிற்றுக்கிழமைக் கோயிலிலேயே தொடங்கி அங்கேயே முடித்துவிடலாம் என்று எப்படி நினைத்தோம்? அப்பா பக்கத்தில் இல்லாமல் பிள்ளை தாளம் பிடிக்காது. நம் வீடுகளில் செபத்தை அம்மாமாரிடமும் அம்மம்மாமாரிடமும் விட்டுவிட்டு, தகப்பன்மார் அதைப் பெண்களின் காரியமாக்கிவிட்டோம். பத்துப் பன்னிரண்டு வயதில் ஆண்பிள்ளை செபத்துக்கு வராமல் நழுவத் தொடங்குவது, தகப்பனைப் பார்த்துத்தான்.

திமோத்தேயுவுக்குப் பவுல் எழுதும்போது, அந்த இளைஞனின் விசுவாசம் முதலில் அவன் பாட்டியிடமும் தாயிடமும் குடியிருந்தது என்று பெயர் சொல்லி நினைவுபடுத்துகிறார். அழகான இடம் அது. நாம் அதை அன்னையர் தினத்தில் வாசித்துக் கைதட்டிவிட்டு, தகப்பன்மாருக்கு விடுமுறை கொடுத்துவிடுகிறோம்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். குடியைப் பற்றியும் அடியைப் பற்றியும் நம் சபைகள் காக்கும் மௌனம் பெரிய பாவம். கணவன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான் என்று ஒரு பெண் சொன்னால், "பொறுத்துப் போ பிள்ளை, செபம் பண்ணு, மாறுவார்" என்று சொல்லி அனுப்புகிறோம். மாமியார் சொல்கிறார், சகோதரங்கள் சொல்கிறார்கள், சில வேளைகளில் பங்கிலும் அதையே சொல்கிறார்கள். மனைவிமார் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனம் எல்லோருக்கும் பாடம். அதற்கு அடுத்தாற்போல், கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோலக் கணவன் தன்னைக் கொடுக்க வேண்டும் என்று பவுல் எழுதியிருப்பதை வாசிக்கக் காணோம். மன்னிப்பு என்பது அடியை வாங்கிக்கொண்டிருப்பது ஆகாது. இந்த நாட்டில் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது; பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கானது 1929. இந்த இரண்டு இலக்கங்களையும் கோயில் அறிவித்தல் பலகையில், பூசை நேரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்க ஒருவருடைய அனுமதியும் தேவையில்லை. ஒட்டினால், இந்தக் கோயில் யாருடைய பக்கம் நிற்கிறது என்பது வாசலில் நுழையும் பெண்ணுக்குத் தெரியும்.

சாதியையும் சீதனத்தையும் விட்டுவிட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்தைப் பற்றிப் பேசவும் முடியாது. ஞாயிறன்று ஒரே அப்பத்தில் பங்குகொள்கிறவர்கள், சம்பந்தம் பேசும்போது முதலில் ஊரையும் பகுதியையும் விசாரிக்கிறார்கள். வீட்டில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, பீடத்திலிருந்து வரும் சொல்லைவிட இதுதான் உண்மையான சமயம் என்று படுகிறது. சீதனத்தின் வேர் ஆழமானது. உடுவிலில் படித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்களுக்கு மிஷனே சிறு சீதனம் கொடுத்த காலமும் இருந்தது. ஆனால் அதே மிஷன் பரம்பரையில் வந்த மானிப்பாய் ஹன்டி பேரின்பநாயகம், 1924 இல் மாணவர் மாநாடாகத் தொடங்கிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசின் மூலம் தீண்டாமைக்கு எதிராக நின்றார். பள்ளிகளில் சம ஆசனம், சம போசனம் என்ற போராட்டத்துக்கு அந்த இளைஞர்கள் துணை நின்றார்கள். நூறு வருடம் கழிந்தபிறகும் நம் கலியாணப் பேச்சுகள் அவர்களைவிடப் பின்தங்கியே நிற்கின்றன. இதை மாற்றச் சட்டம் வேண்டியதில்லை. ஒரு தகப்பனும் ஒரு தாயும் மேசையில் இருந்து, "எங்கட வீட்டில இந்தக் கதை வேண்டாம்" என்று சொன்னால் அந்த வீட்டிலாவது அது நிற்கும்.

கடல் கடந்த குடும்பங்களின் நிலை வேறு. அளவெட்டியில் பிறந்தவர்கள் ரொறன்ரோவிலும் பரிசிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் இருக்கிறார்கள். தாயும் தகப்பனும் இங்கே பெரிய வீட்டில் தனியாக. வீட்டுக்குப் புது மாபிள், புதுக் கேற், கமெரா எல்லாம் வந்துவிட்டன. சாயங்காலம் பேச ஆள் இல்லை. பெற்றோரைக் கனம்பண்ணு என்ற கட்டளையை வங்கிக் கணக்கால் நிறைவேற்றிவிட்டோம் என்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் நினைப்பதாக நான் சொல்லமாட்டேன். அவர்களுடைய இரட்டை வேலையும் பனிக்கால விடியலும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. கோடை காலத்தில் இங்கே மாலை ஏழு மணி என்றால் ரொறன்ரோவில் காலை ஒன்பதரை. சனிக்கிழமைகளில் வட்ஸ்அப்பில் கூடி ஒரு சங்கீதம் வாசித்து, பேரப்பிள்ளை ஒரு செபம் சொல்லி, அம்மம்மா ஆசீர்வாதம் கொடுத்து முடிக்கிற குடும்பங்கள் தோன்றியிருக்கின்றன. பேரப்பிள்ளையின் தமிழ் தடுமாறும். தடுமாறட்டும். 'பரமண்டலங்களில்' என்ற சொல்லில் அது சறுக்கும்போது அம்மம்மா சிரித்துக்கொண்டு திருத்துகிறார். அந்தச் சிரிப்புக்காகவே அடுத்த சனியும் பிள்ளை வருகிறது. தகப்பன் வளைகுடாவில் இருக்கும் வீடுகளுக்கும் இதே யோசனை பொருந்தும். போன் குடும்பத்தைப் பிரிக்கிறது என்று புலம்புகிறவர்கள், அதே போனைக் கொண்டு குடும்பத்தைக் கூட்டுகிறவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

இங்கே தனித்திருக்கும் முதியவர்களை அயல்தான் பார்க்க வேண்டும். போரில் துணையை இழந்த பெண்கள், காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இன்னும் காத்திருக்கும் தாய்மார் இவர்களுடைய வீடுகளும் கிறிஸ்தவக் குடும்பங்களே. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்ற படத்தை வைத்துக்கொண்டு குடும்ப ஞாயிறு கொண்டாடினால் அவர்கள் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். இரவுச் செபத்துக்கு இரண்டு வீடுகள் சேரலாம். பிள்ளைகள் உள்ள வீட்டார், தனியாக இருக்கும் ஆச்சியின் வீட்டுக்கு வாரத்தில் ஒருநாள் செபத்துக்குப் போகலாம். செபம் முடிந்து ஆச்சி தரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வரும் பிள்ளைக்கு, அயலானை நேசி என்பதை வேறாகப் படிப்பிக்கத் தேவையில்லை.

அளவெட்டி பெரும்பாலும் சைவ ஊர். கும்பழாவளைப் பிள்ளையாரும் நாகவரத நாராயணரும் ஊருக்குப் பொதுவான அடையாளங்கள். நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு தாத்தா சைவர், ஒரு மாமி சைவம், சில வீடுகளில் கணவன் ஒரு சமயம் மனைவி ஒரு சமயம். இந்தக் கலப்பைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கு உழைத்தவர் பின்னாளில் சைவத்தின் காவலராக எழுந்த நல்லூர் ஆறுமுக நாவலர். கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர் ஹன்டி பேரின்பநாயகம். மாமியின் தெய்வத்தை இகழ்ந்து பேசிப் பிள்ளைக்கு விசுவாசத்தை ஊட்டும் புதுப்பழக்கம் சில இடங்களில் தலைகாட்டுகிறது. அது அன்பையும் சேர்த்துக் கொல்லும். தன் விசுவாசத்தில் உறுதியாக நிற்கும் வீடு அயலவரின் பொங்கலை மகிழ்ச்சியோடு வாங்கும். நத்தாருக்கு அவர்களுக்கும் கேக் கொண்டுபோகும்.

இந்த இரண்டு சமயத்தவரும் ஒரே குரலில் கேட்கக்கூடிய காரியம் ஒன்று கண்முன்னே இருக்கிறது. ஞாயிறு காலை ரியூசன். சைவப் பிள்ளையின் அறநெறி வகுப்பையும் கிறிஸ்தவப் பிள்ளையின் பூசையையும் மறைக்கல்வியையும் விழுங்குவது அதே வகுப்புதான். புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று ஐந்தாம் வகுப்பிலிருந்தே பிள்ளை ஓடுகிறது. ஞாயிறிலாவது பிள்ளைகளை விடுங்கள் என்று இரு சமயத்துப் பெரியவர்களும் வெவ்வேறு மேடைகளில் கேட்டு வருகிறார்கள். ஒரே மேடையில், அளவெட்டி அளவிலாவது, கேட்டால் என்ன? ரியூசன் நடத்துகிறவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள்தாம். ஒரு நிலையம் மட்டும் மூடினால் மாணவர் அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவார்கள் என்பது அவர்களுடைய நியாயமான பயம். ஆகவே எல்லோரும் சேர்ந்து மூடவேண்டும். பெற்றோரும் அதற்கு உடன்பட வேண்டும். 'என் பிள்ளை மட்டும் பின்தங்கிவிடும்' என்ற பயத்தை ஒரு தகப்பன் தனியாக வெல்ல முடியாது. ஊர் கூடினால் வெல்லலாம்.

அதற்கு ஒரு சிறிய தொடக்கம் போதும். பங்குத் தந்தை, தென்னிந்தியத் திருச்சபைப் போதகர், கோயில் பரிபாலன சபையார், பாடசாலை அதிபர்கள், கிராம அலுவலர், ரியூசன் ஆசிரியர்கள் ஒரு மாலையில் கூடலாம். ஞாயிறு நண்பகல்வரை வகுப்பில்லை என்று ஒரு தவணைக்கு மட்டும் பரீட்சித்துப் பார்க்கலாம்; புலமைப்பரிசில் பிள்ளைகளுக்குச் சனி மாலையில் நேரம் ஒதுக்கலாம். கிறிஸ்தவ வீடுகள், செபமாலை மாதமான ஒக்டோபரில் தொடங்கி, இரவு ஏழரைக்கும் எட்டுக்கும் இடையில் போனை எல்லாம் ஒரு தட்டில் போட்டுவிட்டு உட்காரலாம்: பதினைந்து நிமிடம் செபம், பிறகு சாப்பாடு, சாப்பாட்டில் ஒவ்வொருவரும் அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொல்வது. செபத்தைத் தொடங்குவது தகப்பன் அல்லது மூத்த மகன். திருமண ஆயத்த வகுப்பில் இளம் சோடிகளுக்குக் குடியையும் கடனையும் கோபத்தையும் பற்றி, திருமணமாகி இருபது வருடம் கடந்த கணவன்மாரைக் கொண்டே பேசவைக்கலாம்.

முதல் கூட்டத்தின் நாளைக் குறிக்கும்போது தோட்டக்காரரைக் கேட்டுக் குறியுங்கள். வெங்காயம் கிண்டும் காலத்தில் வைத்தால் தாய்மார் மட்டும்தான் வருவார்கள், மறுபடியும் எல்லாம் அவர்கள் தலையிலேயே விழும். தகப்பன்மார் வரக்கூடிய இரவாகப் பார்த்து வையுங்கள்.